திருடி நட்ட கனகாம்பரம்

கோடை என்று தனியாக ஒன்று வராத ஊர் எங்களுடையது. போனால்தானே மறுபடி வருவதற்கு. சாத்தூருக்குத் தெற்கே கரிசலுக்கு நடுவில் கிடக்கிற ஊர். வெயில் காலையிலேயே வந்து எங்கள் தெருவில் பாய் விரித்து உட்கார்ந்துகொள்ளும், விளக்கு வைக்கிற நேரமாகியும் எழுந்து போக மனசில்லாமல் சுவர்களில் சாய்ந்து கிடக்கும். அப்படிப்பட்ட தெருவில் ஒரு புங்கமரம் இருந்தது. அந்தப் புங்கமரத்தை வெட்டினார்கள். வெட்டிய பிறகும் அதன் நிழல் போகவில்லை. நடந்தது இவ்வளவுதான், ஆனால் போகாமல் நின்றுவிட்ட ஒரு நிழலை வைத்துக்கொண்டு ஒரு தெரு என்ன பாடு படும், என்ன பாடு படுத்தும் என்று சொல்ல இவ்வளவு போதாது.

மரம் வெயிலுமுத்து அண்ணாச்சியுடையது. அவர் மில்லில் லாரிகளை நிறுத்து எடை சொல்கிற எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அங்கே இருந்த காலம் முழுக்க ஒரு கிலோ கூட்டியும் சொன்னதில்லை, குறைத்தும் சொன்னதில்லை. பக்கத்து வீட்டு முருங்கைக்கிளை தன் பக்கம் சாய்ந்தால் அதில் காய்த்ததை எல்லாம் பறித்து, முறத்தில் அடுக்கி, அந்த வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். வழியில் யாருடைய பேனா கிடந்தாலும் அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு தெருவைச் சுற்றி வருவார். இத்தனை யோக்கியமான மனுசனோடு குடித்தனம் பண்ணுவது முள்ளுமேல் பாய் விரித்துப் படுக்கிற மாதிரிதான் என்று அவர் மனைவி ராஜபுஷ்பமே சொல்லுவாள்.

எங்கள் தெரு குதிரை லாடம் போல வளைந்து போகும். அதனால் தெருவின் முதல் வீடான காளீஸ்வரி வீட்டுக் கொல்லைப்புறமும், தெருவின் கடைசி வீடான அண்ணாச்சி வீட்டுக் கொல்லைப்புறமும் ஒரே சுவரில் முதுகு சேர்த்து நின்றன. அண்ணாச்சி வீட்டைத் தாண்டினால் பள்ளிக்கூடம். புங்கமரம் சுவருக்கு அந்தப் பக்கம் முளைத்து, சுவருக்கு இந்தப் பக்கம் குடை பிடித்தது. வேர் அவருக்கு, நிழல் இவளுக்கு என்று கடவுளே பாகம் பிரித்துக் கொடுத்திருந்தார்.

காளீஸ்வரி தையல் மிஷின் வைத்திருந்தாள், அவள் புருசன் லாரி ஓட்டிக்கொண்டு வடக்கே போனால் பண்டிகைக்குத்தான் திரும்புவான். அவர்களுக்குத் தேன்கனி என்று ஒரே பிள்ளை, அந்தப் பிள்ளைக்கு வெயில் ஆகாது. ஆகாது என்றால் பிடிக்காது என்று அர்த்தமில்லை. வெயில் பட்ட இடமெல்லாம் தோல் சிவந்து, கொப்பளித்து, தீயில் சுட்டது போலத் தோலுரிந்துவிடும். மதுரையில் பெரிய டாக்டரிடம் காட்டினார்கள், அவர் மருந்தும் கொடுத்து, நிழலும் எழுதிக் கொடுத்தார். ஆனால் எங்கள் ஊரில் எல்லா நிழலும் நிழலில்லை. குடை பிடித்தால் மேலே மறைக்கும், கீழேயிருந்து சிமென்ட் ரோடு அடிக்கும். சுவர் நிழலில் நின்றால் எதிர்ச்சுவர் அனலைத் திருப்பி அனுப்பும். வானம் மூடியிருந்தால்கூட மேகத்துக்குள்ளேயிருந்து வெயில் அவளைக் கடிக்கும். இரண்டாம் வகுப்போடு அவள் பள்ளிக்கூடம் போவது நின்றுபோனது. வெளியில் அவள் தோலுக்கு ஒத்துக்கொண்டது மரத்தடி நிழல்தான், எங்கள் தெருவில் அப்படி இருந்தது அந்தப் புங்க நிழல் ஒன்றுதான். அதில் ஒரு கயிற்றுக் கட்டில் போட்டு, அந்தக் கட்டிலிலேயே படித்து, தின்று, தூங்கி, சாயங்காலம் எதிர்வீட்டு ஜெயசீலி டீச்சர் வந்து சொல்லிக்கொடுப்பதை எழுதி அவள் வளர்ந்தாள். பள்ளிக்கூட மணி சத்தம் சுவரைத் தாண்டி வரும். மணி அடிக்கும்போதெல்லாம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துகொள்வாள்.

பிள்ளை கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஏதாவது பூக்கட்டும் என்று காளீஸ்வரி அந்த நிழலில் என்னென்னவோ வைத்துப் பார்த்தாள். ரோஜா வைத்தாள், அது குச்சியாய் வந்து குச்சியாகவே போனது. மல்லிகை வைத்தாள், அது நன்றி இல்லாமல் சுவரேறி வெயிலைத் தேடி அண்ணாச்சி பக்கம் போய்ப் பூத்தது. அவர் ஒரு மொட்டு விடாமல் பறித்து வாழையிலையில் மடித்து அவளிடமே கொடுத்தனுப்பினார். அலுத்துப்போய் விட்டுவிட்டாள். ஒருநாள் சந்தையில் வாங்கின பூவோடு ஒட்டிக்கொண்டு வந்த காய்ந்த கதிர் ஒன்றை உதறி மூலையில் எறிந்தாள், அன்றைக்குப் பார்த்து மழை பெய்தது, கதிரில் இருந்த காய்கள் பட் பட்டென்று வெடித்தன, கொஞ்ச நாளில் யாரும் கேட்காமல், யாரும் நடாமல் ஒரு கனகாம்பரம் முளைத்து நின்றது.

நாட்டுக் கனகாம்பரம். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. உரம் கேட்காது, பாத்திரம் கழுவின தண்ணீர் போதும் என்று சொல்லும். வெயில் இல்லையே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாது. மற்ற செடிகள் வேண்டாம் என்று எழுந்து போன இடத்தில் பந்தியில் உட்காருகிற மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். இடுப்புயரத்துக்கு மேல் போகாது, கரும்பச்சை இலை, நெற்கதிர் மாதிரி கதிர், அந்தக் கதிரில் அடியிலிருந்து நுனி வரைக்கும் நின்று நிதானமாகப் பூத்துக்கொண்டே ஏறும். வாசனை இல்லாத பூவுக்கு இத்தனை பெருமையா என்று கேட்கிறவர்கள் அதை ஒருநாள் தலையில் வைத்துப் பார்க்க வேண்டும். இன்றைக்குக் காலையில் வைத்தது நாளை சாயங்காலமும் முகம் வாடாது. காய் முற்றி மழை பட்டால் வெடித்துத் தன் பிள்ளைகளைத் தானே நட்டுக்கொள்ளும். தேன்கனி மழைக்குக் காத்திராமல் விரலை நனைத்துக் காயைத் தொட்டு வெடிக்க வைப்பாள். இரண்டு மழையில் கொல்லைப்புறம் முழுக்கக் கனகாம்பரம், நடுவில் கட்டில், கட்டிலில் பிள்ளை, மேலே புங்கமரம் என்று ஆகிவிட்டது.

புங்கமரத்தின் வேர் அண்ணாச்சி வீட்டுத் தண்ணீர்த்தொட்டியைப் பிளந்தது அந்த மாசி மாதத்தில். அவர் வந்து வாசலில் நின்று, தொண்டையைச் செருமி, "காளீஸ்வரி, இருக்கியாம்மா" என்று கேட்டார். யார் வீட்டுக்குப் போனாலும் செருமி, ஆள் இருக்கிறதா என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் படியில் கால் வைப்பார். சொந்தத் தங்கை வீடானாலும் அப்படித்தான்.

"மரத்த எடுக்கப் போறேன். ஒனக்குத் தெரியாமச் செய்யக் கூடாதுல்ல, அதான் சொல்ல வந்தேன்" என்றார்.

"அண்ணாச்சி, எம்பிள்ளைக்கு அந்த நெழல் ஒண்ணுதான் இருக்கு."

"தெரியும்மா. ஆனா தொட்டி போச்சே. எம்மரம், என் தொட்டி. வேணுமின்னா நெழலுக்கு ஒரு தகரக் கொட்டாய் நானே போட்டுத் தாரேன்."

"தகரத்துக்கு அடியில பிள்ள வெந்துபோகும் அண்ணாச்சி."

தன் மரத்தைத் தான் வெட்டுவதில் தப்பு எங்கே இருக்கிறது என்று எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் அவருக்கு அகப்படவில்லை. அதனால் வெட்டினார். காளீஸ்வரி அன்றைக்கு முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். ரம்பச் சத்தம் நின்று, கிளைகள் விழுந்து, டிராக்டர் வந்து போன பிறகு, இனி எப்போது திறந்தாலும் அதே வெயில்தானே என்று கதவைத் திறந்தாள். நிழல் இருந்தது.

மரம் இருந்த இடத்தில் வானம் பளிச்சென்று இருந்தது. தரையில் நிழல் இலை இலையாக அசைந்துகொண்டிருந்தது. மரம் வெட்டினவர்களின் மேஸ்திரி மேலே பார்த்தார், கீழே பார்த்தார், ரம்பத்தைத் துடைத்துச் சாக்கில் சுற்றிக்கொண்டு, "மரத்துக்குத்தான் பேசினோம், நெழலுக்குப் பேசலியே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். காக்கைகள் வந்து, கிளை இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்து, உட்கார ஒன்றும் கிடைக்காமல் சுவரில் வரிசையாக உட்கார்ந்து திட்டின. தேன்கனி மெதுவாக ஒரு கையை நிழலுக்குள் நீட்டிப் பார்த்தாள், பிறகு மற்றக் கையை, பிறகு போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள்.

எங்கள் தெரு இதற்கெல்லாம் மலைத்துப் போகிற தெரு இல்லை. முதல் நாள் வந்து பார்த்தார்கள், இரண்டாம் நாள் பாயோடு வந்தார்கள். மரத்துக்கு மஞ்சள் கயிறு கட்ட வேண்டும் என்று நாலு பெண்கள் வந்து, சுற்றிக் கட்ட அடிமரம் இல்லாததால் சுவரில் இருந்த ஆணியில் கட்டிவிட்டுப் போனார்கள். மின்சார வாரிய லைன்மேன் வந்து பார்த்து, "கம்பியில ஒரசாத மரம்னா இதுதான். எல்லாரும் இப்படியே வச்சா எங்களுக்கு வேலையே இருக்காது" என்று சந்தோஷப்பட்டார். சித்திரையில் புங்கமரங்கள் பொரி பொரியாகப் பூ உதிர்க்கிற சமயத்தில் இதுவும் உதிர்த்தது, பூ இல்லாமல் பூவின் நிழலாக. காளீஸ்வரி பழக்கத்தில் கூட்டினாள், அது துடைப்பத்தில் ஏறவில்லை, கூட்டி முடித்துப் பார்த்தால் தரையிலும் கிடக்கவில்லை. இந்த நிழல் யாருக்குச் சொந்தம் என்று பேச்சு வந்தபோது அண்ணாச்சியையே கேட்டார்கள். அவர் ஒருநாள் முழுக்க யோசித்துவிட்டு, "நெழலு விழுந்த எடம் யாருதோ அவுகளுக்குத்தான். காளீஸ்வரிக்குப் பாத்தியப்பட்டது. அவளக் கேக்காம யாரும் தொடக் கூடாது" என்று தீர்ப்புச் சொன்னார். அந்தத் தீர்ப்பு பின்னால் தன் காலையே சுற்றும் என்று அவருக்கு அப்போது தெரியாது.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். செடியைக் கேட்டு வாங்கி வைத்தால் பிழைக்கும், தழைக்காது. திருடி வைத்தால்தான் தழைக்கும். மற்ற விஷயங்களில் ஒரு ஊசியைக்கூடக் கேட்டு எடுக்கிறவர்கள், செடி என்று வந்தால் மாமியார் வீட்டிலேயே திருடுவார்கள். செடிக்காரிக்கும் தெரியும், எடுக்கிறவளுக்கும் தெரியும், செடிக்காரி அந்த நேரம் பார்த்து அடுப்பைக் கவனிக்கப் போய்விடுவாள். இதில் யாருக்கும் வருத்தம் கிடையாது.

முதலில் எடுத்தது ஜெயசீலி டீச்சர். பிள்ளைக்கு ஏழாம் வாய்பாட்டைச் சொல்லச் சொல்லிவிட்டு, அவள் கண்ணை மூடிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஒரு சின்னக் கனகாம்பரக் கன்றை வேர்மண்ணோடு பெயர்த்து டிபன் பாக்ஸில் போட்டு மூடிக்கொண்டு போனார். தன் வாசலில், வெயில் பொரிகிற இடத்தில் நட்டார். மறுநாள் அந்தக் கன்றைச் சுற்றி ஒரு முறத்தளவு நிழல் விழுந்திருந்தது. புங்க இலை நிழல். அசைந்தது. காளீஸ்வரி வீட்டுக் கொல்லையில், கன்று இருந்த இடத்தில், ஒரு முறத்தளவு வெயில் விழுந்திருந்தது.

அதன் பிறகு எங்கள் தெருவுக்குச் சொல்லித்தர வேண்டுமா. கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் வந்தவர்கள் முந்தானையில் எடுத்துப் போனார்கள். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தவள் துணிப்பைக்குள் எடுத்துப் போனாள். தெரு வளைவில் துணி தேய்க்கிறவர் சட்டையை மடிக்கிற லாவகத்தில் இரண்டைச் சட்டைக்குள்ளேயே மடித்துக் கொண்டுபோனார். எடுத்துப் போன நிழல் எல்லாம் போன இடத்தில் தழைத்தது; வைத்தவர்கள் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார்கள். காளீஸ்வரி வீட்டில் நிழல் ஓரத்திலிருந்து கரைந்துகொண்டே வந்தது. அவள் கட்டிலை ஒரு முழம் உள்ளே தள்ளிப் போட்டாள், இன்னும் ஒரு முழம் தள்ளிப் போட்டாள்.

ராஜபுஷ்பமும் ஒரு கன்றை எடுத்து வந்தாள். அண்ணாச்சி அதைப் பார்த்ததும் மனைவியின் கையில் கன்றைக் கொடுத்து, தான் முன்னால் நடந்து, செருமி, கூப்பிட்டு, "தெரியாமச் செஞ்சுட்டாம்மா, எண்ணிக்கோ" என்று திருப்பிக் கொடுக்க வைத்தார். காளீஸ்வரி அதைத் திரும்ப நட்ட இடத்தில் நிழலும் வந்து ஒட்டிக்கொண்டது. அந்த வெயிலில் அவ்வளவு தூரம் நடந்த ராஜபுஷ்பம் அன்றைக்கு அவருக்கு மோர் கொடுக்கவில்லை.

திருடுகிறவர்களைக் காளீஸ்வரி திட்டவில்லை என்று சொன்னால் அது பொய். தெருவில் இறங்கி நின்று, ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லி, ஏழு தலைமுறையையும் கூப்பிட்டு விசாரித்தாள். சுவரில் கருவேல முள் வைத்தாள். முள்ளுக்கும் வாய்க்கும் பயப்படாத தெரு என்று தெரிந்ததும், "கேளுங்க மதினி, நானே தாரேன்" என்று கன்றுகளைப் பிடுங்கி வீடு வீடாகக் கொடுத்துப் பார்த்தாள். கொடுத்த கன்றோடு நிழல் போகவில்லை. அது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. எங்கள் ஆட்கள் கொடுத்ததைக் கும்பிட்டு வாங்கி இடது கையில் வைத்துக்கொண்டு, போகிற போக்கில் வலது கையால் இன்னொன்றைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள்.

ஐப்பசி வரும்போது அவள் வீட்டில் கட்டிலளவு நிழல்தான் மிச்சம். தேன்கனி கையைக் காலை நீட்டாமல் சுருண்டு படுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் மழை வந்தது. எங்கள் ஊர் மழை தங்குகிற மழையில்லை, வந்தது, தட்டியது, போனது. அந்த ஒரு தட்டில் தெரு முழுக்க வாசல் வாசலாகக் கனகாம்பரக் காய்கள் வெடித்தன. அடுப்பில் சோளம் பொரிகிற சத்தம் எங்கும் கேட்டது. திருட்டுச் செடியின் விதை திருட்டுச் செடியை விடத் தழைத்தது. ஜெயசீலி டீச்சரின் முறத்தளவு நிழல் பாயளவு ஆகி, பக்கத்து வீட்டு நிழலைத் தொட்டது. அது அடுத்த வீட்டு நிழலைத் தொட்டது.

மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்த ஒரு காலையில், பள்ளிக்கூடத்து மணி கேட்டதும், தேன்கனி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். வழக்கமாக அதோடு சரி. அன்றைக்கு எழுந்து வீட்டுக்குள் வந்து, முன்வாசல் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "யம்மா, இங்க வந்து பாரேன். நம்ம நெழலு பூராம் வெளிய கெடக்கு" என்றாள்.

காளீஸ்வரி வந்து பார்த்தாள். வாசற்படியிலிருந்து தெருவின் ஓரமாக, இரண்டு பக்கமும் ஆரஞ்சுப் பூக்கள் கதிர் கதிராக நிற்க, நடுவில் புங்க நிழல் ஓடை மாதிரி போய்க்கொண்டிருந்தது. வேண்டாம் என்று அவள் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பிள்ளை படியிறங்கிவிட்டது. ஒரு வீடு தாண்டியது, இரண்டாவது வீடு தாண்டியது. காளீஸ்வரி கையில் ஈரத்துணியை வைத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். தெருவே அந்தப் பிள்ளையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தது. வளைவு தாண்டி, துணி தேய்க்கிறவர் வண்டி தாண்டி, கடைசி வீட்டுக்கு முந்தின வீடு வரை போனாள். அங்கே நின்றாள்.

வெயிலுமுத்து அண்ணாச்சி வீட்டு வாசல் இரண்டு மனை அகலம். கன்று கிடையாது, நிழல் கிடையாது. சிமென்ட் தளம் வெள்ளை வெளேரென்று எரிந்துகொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்து கேட் திறந்திருந்தது, கேட்டை ஒட்டி நின்ற வேப்பமரத்தடியில் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். தேன்கனி வெயிலின் விளிம்பு வரை போய், பெருவிரலை மட்டும் வைத்துப் பார்த்து, எடுத்துக்கொண்டாள். அங்கேயே உட்கார்ந்து அவர்கள் பாடுகிற வரைக்கும் கேட்டுவிட்டு, திரும்பி நடந்து வீட்டுக்கு வந்தாள். அவள் அழவில்லை. காளீஸ்வரிதான் அழுதாள்.

மறுநாளும் போனாள், அதற்கு மறுநாளும். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்து, உள்ளே பிள்ளைகள் படிக்கப் படிக்க இவளும் படித்தாள். அண்ணாச்சி தன் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பேப்பரை விரித்துப் பிடித்திருந்தார், பக்கத்தைத் திருப்பவில்லை.

அவர் கெட்ட மனுசன் இல்லை. அன்று சாயங்காலமே காளீஸ்வரி வீட்டு வாசலில் வந்து செருமினார், முறைப்படி ஒரு கன்று வேண்டும் என்று கேட்டார். அவள் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, பக்கத்தில் கன்றை வைத்துக் கொடுத்தாள். அவர் நல்ல நேரம் பார்த்து நட்டார், தண்ணீர் ஊற்றினார், அது பிழைத்தது, பூவும் பூத்தது. ஒரு தம்ளர் அகல நிழல்கூட விழவில்லை. இன்னொன்று வாங்கி நட்டார். அதுவும் அப்படியே.

"திருடணும் அண்ணாச்சி" என்றார் துணி தேய்க்கிறவர்.

"அது மட்டும் ஆகாது. இத்தன வயசுக்கு மேல என்னை அடுத்தவுக பொருள்ல கை வைக்கச் சொல்றியா."

"செடிதான அண்ணாச்சி."

"செடின்னா என்ன, மலைன்னா என்ன. அவளுக்குப் பாத்தியப்பட்டதுன்னு என் வாயாலதான சொன்னேன்."

ராஜபுஷ்பம் உள்ளேயிருந்து, "நான் போயி எடுத்துட்டு வாரேன். இந்தத் தடவ நீங்க என்னைத் திருப்பிக் கூட்டிட்டுப் போகாம இருந்தாப் போதும்" என்றாள்.

"நீ எடுத்தாலும் எனக்குத் தெரியும்ல. தெரிஞ்சா நான் சும்மா இருக்க மாட்டேன். என்னால முடியாது புஷ்பம்" என்றார். அதைத் தெருவில் நாலு பேர் கேட்டார்கள், கேட்காத மாதிரி இருந்துகொண்டார்கள்.

அடுத்த நாள் காளீஸ்வரியே அவர் வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்றபடி பேசினாள். அவளுக்கும் பேசுவது சுலபமாக இல்லை, ஏனென்றால் இப்போது அவள் வீட்டில் இருந்தது கட்டிலளவு நிழல்தான், அதையும் கொண்டுபோனால் பிள்ளைக்குக் கொல்லைப்புறமே கிடையாது. அண்ணாச்சி வாசலில் அது தழைக்காமல் போனால் இரண்டும் இல்லை.

"அண்ணாச்சி, கட்டிலுக்குக் கீழ ஒரு கன்னு நிக்கி. காய் புடிச்ச நல்ல கன்னு. நாளைக்கு மத்தியானம் பிள்ளைய உள்ள படுக்க வச்சிருவேன். நான் அடுப்படியில இருப்பேன். எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள்.

"நீயே இப்படிச் சொல்லிட்டா அப்புறம் அது எப்படிம்மா திருட்டாகும்."

"நான் ஒண்ணுமே சொல்லலியே. நான் இங்க வரவே இல்ல" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பி நடந்தாள்.

மறுநாள் உச்சிவெயிலில், வெயிலுமுத்து அண்ணாச்சி தன் கொல்லைப்புறத்தில், புங்கமரத்தின் அடிக்கட்டை மேல் ஒரு முக்காலியைப் போட்டு ஏறினார். ராஜபுஷ்பம் முக்காலியைப் பிடித்துக்கொண்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். சேதி எப்படியோ தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. சுற்று வீட்டு மாடிகளில் துணி காயப்போட வந்தவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் முதுகைக் காட்டி நின்றார்கள். துணி தேய்க்கிறவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு சுவரைப் பார்த்து நின்றார். அந்தப் பக்கம் வந்த தபால்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லோரும் திரும்பி நிற்கிறார்களே என்று அவரும் சைக்கிளோடு திரும்பி நின்றுகொண்டார்.

அண்ணாச்சி சுவர் மேல் காலைப் போட்டார். வேட்டி முள்ளில் மாட்டியது, விடுவித்துக்கொண்டார். இந்தப் பக்கம் இறங்கி, கட்டில் பக்கத்தில் நின்று, மூச்சு வாங்கினார். இனி குனிந்து எடுக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்தில், இத்தனை வருஷத்துப் பழக்கம் அவரைக் கேட்காமலேயே தொண்டைக்கு வந்துவிட்டது. நன்றாகச் செருமி, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "காளீஸ்வரி, இருக்கியாம்மா" என்று கேட்டுவிட்டார்.

அடுப்படியில் கரண்டியோடு நின்ற காளீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு உள்ளேயிருந்தே, நிதானமாக, "இல்லண்ணாச்சி" என்றாள்.

"சரிம்மா" என்றார் அவர்.

குனிந்து, கட்டிலை நகர்த்தி, கன்றை வேர்மண்ணோடு இரண்டு கையாலும் அள்ளினார். மடியில் கட்டிக்கொண்டு, வந்த வழியே போகத் தெம்பில்லாமல், காளீஸ்வரி வீட்டின் பக்கவாட்டுச் சந்து வழியாக முன்தெருவுக்கு வந்து, தெருவைச் சுற்றித் தன் வீட்டுக்கு நடந்தார். அவர் கூடவே அவர் முழங்காலைச் சுற்றிப் புங்க நிழலும் நடந்தது, இலை அசைய அசைய. அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். திரும்பி நின்றவர்கள் ஒருவரும் திரும்பவில்லை. எங்கள் தெரு ஒரு காரியத்தை இவ்வளவு ஒற்றுமையாகச் செய்து நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. காளீஸ்வரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தாள். கட்டில் வெயிலில் கிடந்தது. கொல்லைப்புறம் முழுக்க வெயில்.

அவர் தன் வாசலில், சிமென்ட் தளத்தின் ஓரத்தைக் கடப்பாரையால் உடைத்துக் கன்றை நட்டார், செம்புத் தண்ணீர் ஊற்றினார், பக்கத்திலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டார். ராஜபுஷ்பம் மோர் கொண்டுவந்து வைத்தாள். சாயங்காலத்துக்குள் முறத்தளவு விழுந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. அந்த வாரம் முழுக்கத் தேன்கனி வீட்டுக்குள் ஜன்னலை மூடி இருட்டில் இருந்தாள், காளீஸ்வரி தையல் மிஷினில் உட்கார்ந்து நூல் கோர்க்காமலே மிதித்துக்கொண்டிருந்தாள். கார்த்திகை மழை ஒரு சாயங்காலம் வந்து தட்டிவிட்டுப் போனது. காய் வெடிக்கிற சத்தம் தெருக்கோடியிலிருந்தும் கேட்டது, அது யார் வீட்டுச் சத்தம் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

அதற்கடுத்த திங்கட்கிழமை காலையில் தேன்கனி யூனிபார்ம் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். பழைய யூனிபார்மைக் காளீஸ்வரி பிரித்து நீட்டித் தைத்திருந்தாள். இரட்டைச் சடையில் கனகாம்பரம். வீடு வீடாகத் தாண்டி, வளைவு தாண்டி, கடைசி வீட்டுக்கு முந்தின வீடு வரை வந்து, பழக்கத்தில் நின்றாள். குனிந்து பெருவிரலை வைத்துப் பார்த்தாள். குளிர்ச்சியாக இருந்தது. அதன் பிறகு அவள் நடக்கவில்லை, ஓடினாள். கேட்டுக்குள் நுழைந்து வேப்பமரத்தடி வரிசையில் கடைசி ஆளாக நின்றபோதுதான் காளீஸ்வரி கையிலிருந்த ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டது. அண்ணாச்சி வாசலில் தன் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் தெருவில் யாரிடமும் பேசிப் பல நாளாகியிருந்தது; திருடினதைப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தால் தேவலை என்று ராஜபுஷ்பத்திடம் சொல்லி, அவள் சிரித்த சிரிப்பில் அடங்கிக் கிடந்தார். தேன்கனி புத்தகப்பையோடு வந்து அவர் வாசலில் நின்றாள். அவள் கண் செடியடியில், மழைக்கு முளைத்து இரண்டு இலை விட்டிருந்த ஒரு பொடிக் கன்றின் மேல் இருந்தது. அவர் அவளைப் பார்த்தார், கன்றைப் பார்த்தார், அவள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் வெயிலில் கிடக்கிற கட்டிலும் அவர் நினைவுக்கு வந்தது.

"எடுத்துக்கோ தாயி" என்று சொல்ல வாயெடுத்தவர், சட்டென்று நிறுத்திக்கொண்டார். செம்பைக் கீழே வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, சுண்ணாம்பு பெயர்ந்திருந்த ஓர் இடத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். பின்னால் மண் பெயர்கிற சத்தம் கேட்டது. பிறகு ஓடுகிற கால்சத்தம். அது தெருவின் வளைவைத் தாண்டிப் போய், நின்று, ஒரு கதவு திறக்கிற வரைக்கும் அவர் திரும்பவில்லை.